பெரிய சிங்க்கும் நாலரை மணியும்

மலேசியாவில், எங்கள் குளுவாங் வீட்டுக் குளியலறையில் முன்பு இருந்த சிங்க் சோற்றுக்கிண்ணம் அளவுதான். முகம் கழுவினால் பாதித் தண்ணீர் தரைக்குப் போகும். போன தீபாவளிக்கு முன்பு அந்த ஈரத்தில் என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தார். அன்றிலிருந்து அவர் உள்ளே போய்த் தாழ் போட்டாலே நான் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிடுவேன். பெரிய சிங்க் வாங்கியே ஆகவேண்டும் என்று நச்சரித்து, பீங்கான் கடைகளுக்குப் பேர்போன ஆயர் ஈத்தாமுக்கு அவரை இழுத்துப் போனேன். அங்கே ஒன்று கிடைத்தது. இரண்டு பேர் தூக்கவேண்டிய கனம்.

அவருக்கு வாரம் முழுக்கச் சிங்கப்பூரில் வேலை. ஞாயிறுதான் கையில் இருந்தது. சிங்க் உட்காரும் அலமாரியின் மேல்பலகையில் ஓட்டையைப் பெரிதாக அறுத்தார். முன்பக்கம் இரண்டு விரல் அகலம்தான் மிச்சம். அதுவும் ஈரத்தில் ஊறி உப்பிய பலகை. அடியில் இரண்டு முட்டுக்கட்டை நிறுத்திய பிறகுதான் சிங்க்கை இறக்கவேண்டும். கட்டைகளை அறுத்துத் தயாராக வைத்திருந்தார். அதற்குள் நாலே கால் தாண்டிவிட்டது.

"நாலரைக்கு ராகு காலம் வந்துடும்லா. மொதல்ல உக்கார வெச்சிடலாம், கட்டைய அப்புறம் நிறுத்திக்கலாம்" என்றார். சாமி கும்பிடவே சோம்பல்படுகிற மனிதருக்கு ராகு காலம் மட்டும் தவறக்கூடாது.

இறக்கினோம். அவர் மல்லாந்து படுத்து, தலையை அலமாரிக்குள் விட்டுக் கழிவுநீர்க் குழாயை மாட்ட ஆரம்பித்தார்.

அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். மேல்பலகையின் முன்பக்கம் விரிசல் விட்டு, சிங்க் என் பக்கமாகச் சரிந்தது. விளிம்புக்கு அடியில் விரல்களைக் கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வழவழவென்ற பீங்கான், உள்ளங்கை வேறு வியர்த்தது. நேர் கீழே அவர் கழுத்து.

நான் கத்தினால் தெருக்கோடிவரை கேட்கிறது என்பது அவருடைய நித்தியப் புகார். ஆனால் அப்போது கத்தினால் பதறி எழுவார், தலை சிங்க்கில் முட்டும், என் பிடி நழுவும்.

"ஏங்க" என்றேன் மெதுவாக. "எழுந்திரிக்காதீங்க. படுத்தவாக்குலயே நழுவி வெளிய வாங்க."

"இரு, ஒரு சுத்துதான் பாக்கி."

"தலையத் தூக்காம வாங்க" என்றேன், இன்னும் மெதுவாக.

கால்கள் அசைந்தன. இடுப்பு நகர்ந்தது. கழுத்து வந்தது, தாடை வந்தது. கடைசியில் நெற்றியும் வெளியே வந்தது.

பலகையைப் பார்த்ததும் "அலமாக்" என்று பதறிக் கட்டைகளை எடுத்து அடியில் முட்டுக் கொடுத்தார். அப்புறமும் என் விரல்கள் சிங்க்கை விடவில்லை. ஒவ்வொன்றாக அவர்தான் பிரித்தார்.

"குழாயத் திருகுற சத்தத்துல பலகை முறிஞ்சது எனக்குக் கேக்கவே இல்ல" என்றார். "ரெண்டாவது தடவையும் நீ மெதுவாவே சொன்னியே, அப்பதான் பயந்துட்டேன்."

அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. ராகு காலம் முடியும்வரை கத்தினேன்.