வியாழக்கிழமைத் தபால்

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் ஊருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் தபால் வரும். சமயநல்லூர்த் தபாலாபீசிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்கு ஒரே தபால்காரர். காக்கிச் சட்டையும் தோளில் பையுமாக நடந்தே வருவார். எங்கள் முறை வியாழக்கிழமை. எங்கள் வீட்டில் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு, படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதத்தைப் படித்தும் காட்டிவிட்டுப் போவார். நல்ல மனிதர். அவர் வராத ஆறு நாளும் வெளியுலகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியப்பா குடும்பம் மதுரையில், ஆரப்பாளையத்தில் இருந்தது. தம் பங்கு நிலத்தை விற்றுவிட்டுப் போனவர், வாடகை வீட்டில் இருந்துகொண்டு சின்னதாக ஒரு விறகுக்கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் வசதி எங்கள் வீட்டில்தான். கண்மாய்த் தண்ணீர் பாயும் வயலும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. அறுப்பு முடிந்ததும் அவர்களுக்கு இரண்டு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றி அனுப்புவார் அய்யா. பெரியப்பா மகனும் என் அண்ணனும் ஒரே வயது. அவரை நான் மதுரை அண்ணன் என்பேன்.

மதுரையில் ஒரு பஞ்சாலையில் எழுத்து வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்வதற்காகவே மதுரை அண்ணன் ஒருநாள் ஊருக்கு வந்தார். இருவரும் உட்கார்ந்து மனு எழுதினார்கள். வாசகம் முழுக்க என் அண்ணனுடையது. ஊரில் யார் சர்க்காருக்கு மனுப் போட்டாலும் அவன்தான் எழுதுவான். கையெழுத்து அச்சுக் கோத்தது போலிருக்கும். மதுரை அண்ணன் அதைப் பார்த்து எழுதி, பாதியில் மையைக் கொட்டி, மறுபடி முதலிலிருந்து எழுதினார். இரண்டு மனுவையும் அவரே எடுத்துப்போய் ஒன்றாகத் தபாலில் சேர்த்தார்.

அன்றிலிருந்து அம்மா, அண்ணனுக்கு இரண்டு வேட்டி புதிதாக வேண்டுமே என்று பேச ஆரம்பித்துவிட்டாள். வேலை கிடைத்தால் அவன் பெரியப்பா வீட்டில் தங்கிக்கொள்வானாம். எனக்கு அழுகையாக வந்தது. எனக்குக் கண்மாயில் நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன் அவன்தான். இன்னும் காலைத் தரையில் ஊன்றாமல் எனக்கு நான்கு கை வீசத் தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை அண்ணன் ஊர் எல்லை வரைக்கும் போய்த் தபால்காரருக்காக நின்றான். அவர் பையைத் துழாவிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லயேப்பா. அடுத்த தடவ கட்டாயம் வரும்” என்றார். அண்ணன் முகம் வாடிவிட்டது. நான் மட்டும் ஓட்டமாகக் கண்மாய்க்கரைப் பிள்ளையாரிடம் போனேன். அண்ணன் மதுரைக்குப் போகாமலிருந்தால் ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில், சமயநல்லூர் வரை நடந்துபோய்த் தபாலாபீசிலேயே கேட்டுவிட்டு வரலாம் என்று அண்ணன் கிளம்பினான். அன்றைக்குப் பார்த்துக் கண்மாய் மடையைத் திறந்துவிட்டார்கள். நடவுக்கு ஆள் போதவில்லை. “வந்தா அவரே கொண்டாந்து குடுக்கப் போறாரு. நீ எதுக்கு வேலைய விட்டுப்புட்டுப் போற?” என்றார் அய்யா. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினான்.

மறு வியாழக்கிழமை கடிதம் வந்தது. தபால்காரர் தூரத்திலிருந்தே அதை உயர்த்திக் காட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தான். பிறகு இன்னொரு தடவை படித்தான்.

“என்னப்பா, வேலையா?” என்றார் தபால்காரர்.

“செவ்வாக்கெழம காலையில நேர்ல வரச் சொல்லியிருக்காக.”

“எந்தச் செவ்வா?”

“முந்தாநாளுண்ணே.”

தபால்காரர் கடிதத்தை வாங்கி முத்திரையைப் பார்த்தார். அது சனிக்கிழமையே சமயநல்லூருக்கு வந்திருந்தது. “இன்னிக்கித்தானப்பா உங்க பக்கம் எனக்கு முறை” என்று மெல்லச் சொன்னார். அன்று அவர் மோர் குடிக்காமலே போனார்.

அண்ணன் அப்படியே மதுரைக்குப் போய், மறுநாள் மதியம் திரும்பி வந்தான். ஆலையில் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். மதுரை அண்ணனுக்கு வேலை கிடைத்திருந்தது.

“அவன் மில்லு வாசல்ல எனக்காக நின்னுக்கிட்டே இருந்திருக்கான்யா. கடைசி ஆளாத்தான் உள்ள போனானாம்” என்றான் அண்ணன். “அங்க காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா தபால் வருது. அவனுக்குச் சனிக்கெழமையே கடுதாசி கெடச்சிருக்கு.”

“ஒரு நாளைக்கி ரெண்டு தடவையா?” என்று அய்யா ஆச்சரியப்பட்டார். “அம்புட்டுத் தபால வச்சுக்கிட்டு என்ன செய்வாக?”

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மதுரை அண்ணன் மாதச் சம்பளத்தில் வீடு வாங்கினார். அவர் பிள்ளைகள் காலேஜ் வரை படித்தார்கள். எங்களுக்குக் கண்மாய் நிறைந்த வருஷம் சோறு, நிறையாத வருஷம் கஞ்சி. மழை பொய்த்த ஒரு வருஷம் அரிசி மூட்டை மதுரையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. இறக்கி வைத்தவர் மதுரை அண்ணன்தான். என்னவோ தப்புச் செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டே வைத்தார். அண்ணன்தான் அவர் தோளில் கைபோட்டுச் சாப்பிட அழைத்துப் போனான்.

ஆனால் அண்ணன் திரும்பி வந்த அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் திருவிழா. அண்ணன் கை கால் கழுவி வந்ததுமே, “அண்ணே, ஒரு தேங்கா வேணும்” என்று போய் நின்றேன்.

“எதுக்கு ஆத்தா?”

“பிள்ளையாருக்கு வேண்டிக்கிட்டேன். நீ மதுரைக்குப் போகக் கூடாதுன்னு.”

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அடுப்படியிலிருந்து கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அவன் அவளைத் தடுத்துவிட்டு, “விடும்மா. சின்னப்பிள்ளைக்கி என்ன தெரியும்? சாமிக்கிச் சொன்னதச் செய்யணும்ல” என்றான்.

என்னைக் கையைப் பிடித்துக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போனான். எனக்கு உடைக்க வராததால் அவனே உடைத்தான். ஒரே போடில் தேங்காய் இரண்டாகப் பிளந்தது. கரையில் உட்கார்ந்து ஓட்டிலிருந்து சில்லுச் சில்லாகக் கெல்லி, எல்லாவற்றையும் என் பாவாடை மடியில் போட்டுக்கொண்டே இருந்தான். ஒரு சில்லுகூட வாயில் போடவில்லை. அண்ணனுக்குத் தேங்காய் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவன் பங்கையும் நானே தின்று தீர்த்தேன்.