மாடிக்குக் கீழ்வீட்டுப் படம்

மலையடிவாரத்துப் போடியில், கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார் ஜெபராஜ். மகள் ஷெரின் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு அவர் வீட்டு மாடி சும்மா கிடந்தது. "மூணாறு போற சனமெல்லாம் நம்ம ஊரு வழியாத்தானப்பா போகுது. மாடியை ஆன்லைன்ல போட்டு நாள் வாடகைக்கு விடுவோம். நீங்க படம் மட்டும் அனுப்புங்க" என்றாள் ஷெரின் போனில்.

ஜெபராஜ் மாடியைப் படம் எடுத்துப் பார்த்தார். ஒரு கட்டில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கொடியில் ஒரு துண்டு. ஆள் காணாமல் போன வீடு மாதிரி இருந்தது. உடனே கீழே வந்து, தாங்கள் குடியிருக்கும் வீட்டின் தேக்கு ஊஞ்சல், கண்ணாடி பீரோ, அடுக்களை எல்லாவற்றையும் நாலு பக்கமும் நின்று எடுத்து அனுப்பிவிட்டார். வேலை அவசரத்தில் ஷெரினும் பார்க்காமலே ஏற்றிவிட்டாள்.

"இது நம்ம வீடுல்ல?" என்றாள் மனைவி இவாஞ்சலின்.

"ஸ்டுடியோவுல படம் எடுக்கையில பின்னாடி அரண்மனையத் தொங்கவிடுறாக. எவனாச்சும் அரண்மனை எங்கனன்னு கேக்குறானா?"

கேட்கும் ஆள் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. சென்னையிலிருந்து தமிழ்மாறன், அவர் மனைவி யுவராணி, யுவராணியின் அம்மா செல்வமணி. யுவராணி மாடியைப் பார்த்தாள். செல்போனைப் பார்த்தாள். படியிறங்கிக் கீழ்வீட்டுக்குள் போய், போனைக் கூடத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இதான் சார். காலண்டர்கூட அதேதான்."

அதற்குள் செல்வமணி ஊஞ்சலில் ஏறி ஆடத் தொடங்கியிருந்தார்.

"படம்கிறது ஒரு இதுக்குத்தான்மா..." என்று இழுத்தார் ஜெபராஜ்.

"எதுக்கு சார்?"

இவாஞ்சலின் அவரை அடுக்களைக்குள் இழுத்துப் போனாள். "ஒண்ணைக் காட்டி வரவழைச்சுட்டு இன்னொண்ணைக் குடுத்தா, சபையில நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்கார? ரெண்டு நாளுதான. நடங்க மேல."

தலையணை, பைபிள், சர்க்கரை மாத்திரை சகிதம் இருவரும் சொந்த வீட்டு மாடிக்குக் குடிபோனார்கள்.

மின்விசிறி மாவு அரைப்பதுபோலச் சத்தம் போட்டது. கட்டில் மூன்று காலில் நின்றது. நாலாவது கால் தரையைத் தொடவே இல்லை. நைட்டிக்கு மாறி அதில் படுத்துப் பார்த்த இவாஞ்சலின் சடாரென்று எழுந்தாள். "இதுக்கா வாடகை கேக்குறீக? சொந்த வீடா போச்சு, இல்லாட்டி இந்நேரம் பையத் தூக்கிட்டுக் கெளம்பியிருப்பேன்."

வாயைத் திறந்தால் வம்பு என்று ஜெபராஜ் குளிக்கப் போனார். குளித்து முடித்துத் தாழ்ப்பாளை இழுத்தால், கைப்பிடி மட்டும் தனியாக வந்தது. கடையில் இரண்டு வருஷமாக விலைபோகாமல் கிடந்த தாழ்ப்பாள் அது. வீணாக்குவானேன் என்று அவரே கொண்டுவந்து மாட்டியது.

"ஏ இவாஞ்சலின்! கதவு தெறக்க மாட்டேங்குது!"

"நல்லா இழுங்க."

"இழுத்தாச்சு. அதான் கையில இருக்கு."

உதவிக்குக் கூப்பிடலாம் என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள் இவாஞ்சலின். கீழே வாசலில் பத்து ஜோடிச் செருப்பு. உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம். அன்றைக்குச் சபைப் பெண்கள் சங்கத்து ஜெபக்கூட்டம் தன் வீட்டு முறை என்பதையே மறந்துவிட்டிருந்தாள். நைட்டியோடு கூட்டத்துக்குள் போவதெப்படி? சேலையோ குளியலறைக் கொடியில், புருஷனோடு சிறைப்பட்டுக் கிடந்தது.

கீழே செல்வமணிக்கு ஒரே சந்தோஷம். வாடகையில் மாலை நிகழ்ச்சியும் சேர்த்தி போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். வந்த பெண்களை உட்காரவைத்து, வழிக்குக் கொண்டுவந்த முறுக்கை எடுத்துக் கொடுத்து, பாட்டுக்குப் பாட்டு கை தட்டினார். பாட்டு முடிந்ததும் சங்கத் தலைவி கேட்டார்: "நீங்க ஒறவுக்காரவகளா? இவாஞ்சலினை எங்க காணோம்?"

"அவங்களா? அவங்க மேல போயிட்டாங்களே."

சங்கத் தலைவி வாயில் வைத்த முறுக்கை வெளியே எடுத்தார்.

"மேல போயிட்டாகளா! காலையில மார்க்கெட்டுல வெண்டைக்கா வாங்குனாகளே!"

"அவங்க மட்டுமில்ல, வீட்டுக்காரரும்தான். ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிட்டாங்க. எல்லாம் எங்களுக்காகத்தான்" என்று செல்வமணி நெகிழ்ந்து சொன்னார்.

பத்துப் பெண்களும் ஒரே குரலில் அலறினார்கள். தன் பெயரைச் சொல்லி ஒப்பாரி கேட்டதும், மானமாவது ஒன்றாவது என்று, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு இவாஞ்சலின் ஓடிவந்தாள். அவளைக் கண்டு முதல் அலறலைவிடப் பெரிதாக அலறினார்கள். விஷயம் விளங்கியபோது சங்கத் தலைவி சிரித்த சிரிப்பில் ஊஞ்சல் தானாக ஆடியது.

தமிழ்மாறன் தோசைக் கரண்டியோடு மாடிக்கு ஓடினார். கால் மணி நேரம் நெம்பியதில் கதவு திறந்தது. துண்டோடு வெளியே வந்த ஜெபராஜ், படி முழுக்கப் பெண்கள் நிற்பதைக் கண்டதும் உள்ளே பாய்ந்து கதவை அறைந்து சாத்திக்கொண்டார். தமிழ்மாறன் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அவர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். "ஊஞ்சல் அருமை. வீட்டுக்காரரால் எந்தத் தொந்தரவும் இல்லை" என்று எழுதியிருந்தது.

மறுநாளே ஜெபராஜ் கடையிலிருந்து நல்ல சாமானாக எடுத்துவந்து மாடியைச் சீர்செய்தார். இப்போதெல்லாம் சனி ஞாயிறு கீழ்வீடுதான் வாடகைக்கு. மலைக்காற்று நேராக வருகிறது என்று இவாஞ்சலினுக்கு மாடியே பிடித்துப்போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு, "இன்னும் என்ன செய்றீக? ஆள் வர்றதுக்குள்ள ஏறுங்க" என்று அவரை முந்திக்கொண்டு படியேறிவிடுகிறாள்.