செவிலிமேட்டில் ஒரு பெட்ரூம்

இருபத்திரண்டு வருஷம் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்திய கலியாணசுந்தரத்துக்குச் செவிலிமேட்டில் மாடி வீடு வாடகைக்குக் கிடைத்தது 2003இல். பட்டுக்கடையில் நாளெல்லாம் புடவை பிரித்துக்காட்டி மடித்து வைப்பது அவர் வேலை. கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்களிடம்கூட, "நம்ம பெட்ரூம்ல ஜன்னலத் தெறந்தா பாலாத்துக் காத்துங்க" என்று சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்கினார்.

"பெரிய அரமன கட்டிட்டாரு" என்பாள் மனைவி அம்சவேணி.

மறு வருஷம் ஈரல் கெட்டுவிட்டது. வெற்றிலைகூடப் போடாத மனுஷன். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள்.

ஜன்னலோரம் படுத்தபடி ஒன்றுதான் கேட்டார். "கடைசி வரிக்கும் இங்கியே உட்டுடு அம்சா."

"எங்க தூக்கினு போவப் போறேன்? சும்மா படுங்க."

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி வடிவு நல்லவள்தான்; தினமும் கஞ்சி கொடுத்தனுப்புவாள். ஒரு நாள் மாடிப்படியில் அம்சவேணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. தையில பொண்ணு கல்யாணம். ஆவாத நட்சத்திரத்துல வீட்ல உசுரு போயிடுச்சின்னா ஆறு மாசம் அடைச்சி வெக்கணும். சம்பந்தி வீட்ல ஒத்துக்க மாட்டாங்க."

அம்சவேணி தலையாட்டினாள். அன்றிலிருந்து காலண்டரில் நட்சத்திரம் பார்த்தாள்.

மார்கழியில் ஒரு காலை அவருக்கு மூச்சு இழுத்தது. காலண்டரில் அவிட்டம். அதிலிருந்து ரேவதி வரை ஐந்து நாளும் ஆகாதவை. பக்கத்துத் தெரு ரஷீத் ஆட்டோ கொண்டுவந்தார். இருவருமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துப் படியிறக்கினார்கள்.

"எங்க அம்சா?"

"ஒரு ஊசி போட்டுனு வந்துடலாங்க."

ரஷீத் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மூச்சு நிற்கவில்லை. வராந்தாக் கட்டிலில் ஈ ஓட்டியபடி அவள் நாளை எண்ணினாள். சதயம். பூரட்டாதி. உத்திரட்டாதி. அவர் எதுவும் கேட்கவில்லை. ஊசி போட இத்தனை நாளா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஆறாம் நாள் அசுவினி. விடிந்ததும் ரஷீத்தை வரச்சொன்னாள். வேட்டியைச் சரிசெய்து, தலை வாரிவிட்டாள்.

"வாங்க, நம்ம வீட்டுக்குப் போலாம். மெய்யாலுமே."

கலியாணசுந்தரம் அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"வாணாம்மா. பாவம், அந்தப் பொண்ணு கல்யாணம் முடியட்டும்."

அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. படுத்திருந்த இடத்திலிருந்து மாடிப்படி எட்டடிகூட இல்லை.

அம்சவேணி வெளியே போய், "இன்னிக்கி இல்ல பாய்" என்று ரஷீத்தைத் திருப்பி அனுப்பினாள்.