லினக்ஸுக்கு வேடம் கட்டியவர்

பெரிய கணினி நிறுவனங்கள் தம் கணினிகளில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியே விற்கத் தொடங்கியபோது, எங்கள் பகுதியில் அதற்காக மகிழ்ந்தவர் ஒருவரே. அவரைப் பெயர் சொல்லி எவரும் அழைத்ததில்லை. தம் கருவிப்பையின்மீது பென்குயின் படம் ஒன்றை அவர் ஒட்டிவைத்திருந்தார். லினக்ஸின் சின்னம் அதுவே. அவருடைய குள்ள உருவத்துக்கும் அசைந்தசைந்து நடக்கும் நடைக்கும் அந்தப் பெயர் கனகச்சிதமாகப் பொருந்திவிட்டதால், கடை முதலாளி முதல் தேநீர் கொண்டுவருபவர் வரை எல்லாருக்கும் அவர் பென்குயின்தான்.

கணினிக் கடையொன்றில் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். முன்புறம் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள விற்பனைக்கூடம். பின்புறம் சன்னலே இல்லாத ஓர் அறை. அந்த அறையில் ரப்பர் விரிப்புப் போட்ட நீண்ட மேசை, திருகாணிகள் ஒட்டிக்கிடக்கும் காந்தத்தட்டு, தூசி ஊதும் குழல், மூடி கழற்றப்பட்ட பெட்டிகள். அங்கே அமர்ந்து வேலை செய்துகொண்டே, பழுதுக்கு வந்தவர்களிடமெல்லாம் லினக்ஸின் பெருமையை அவர் விளக்குவார். அது எவருக்கும் அடிமைப்படாதது, விலையின்றிக் கிடைப்பது, விரும்பியவர் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். விடுதலை என்ற சொல்லை ஒரு நாளைக்குப் பலமுறை அவர் சொல்வார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

"அவ்ளோ நல்லதா இருந்தா, பெரிய கம்பெனிக்காரன் ஏன் அதைப் போட்டு விக்கல?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் மறுமொழி இல்லை. பத்தாண்டுக்காலம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததே மிச்சம். ஆகவேதான், பெரிய நிறுவனமொன்றின் புதிய கணினிகள் லினக்ஸோடு கடைக்கு வந்து இறங்கியபோது, வேலைநேரத்தில் பின்னறையைவிட்டு வெளியே வராத மனிதர் விற்பனைக்கூடத்துக்கு வந்து, பெட்டிகளைத் தாமே அடுக்கிவைத்தார். இனி எவரும் அந்தக் கேள்வியைக் கேட்க இயலாது என்று நம்பினார்.

உண்மையில் எவரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது வேறு: "இது மட்டும் ஏன் விலை கம்மி?"

முதலாளி அதற்கு ஆயத்தமாக ஒரு விடை வைத்திருந்தார். இதில் லினக்ஸ் இருக்கிறது, அதனால்தான் விலை குறைவு. கவலை வேண்டாம், உள்ளே ஒருவர் இருக்கிறார், அதை எடுத்துவிட்டு விண்டோஸ் போட்டுத் தருவார் என்பார். நிறுவனத்தின் விற்பனையாளர்கூட, சட்டைப்பையில் பேனா மினுங்க வந்து நின்று, வாங்கிக்கொண்டு போய் மாற்றிக்கொள்ளுங்கள் என்றே பரிந்துரைத்தார். விற்றவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. விலைப்பட்டியலில் ஓர் எண்ணைக் குறைத்துக் காட்டுவதற்கு அது உதவியது, அவ்வளவே.

உள்ளே இருந்த அந்த ஒருவர் பென்குயின். முறையாக வந்த ஒன்றை அழித்துவிட்டு, உரிமமில்லாத திருட்டுப் படியொன்றை அந்த இடத்தில் ஏற்றுவது அவருடைய அன்றாட வேலையாயிற்று. ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து முதன்முறை இயக்கும்போது, வருக என்று ஒரு திரை தோன்றும். அந்த வரவேற்பைக் கண்டவர் அவர் ஒருவரே. கண்டு முடித்ததும் அழித்தார். எதற்காகப் பத்தாண்டு வாதாடினாரோ அதன் கழுத்தை நெரிக்கும் கையாகத் தம் கையே அமைந்துவிட்டதே என்று தமக்குள் சொல்லிக்கொண்டே அடுத்த பெட்டியைப் பிரித்தார்.

இப்படிச் சில மாதங்கள் கழிந்தபின் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. அழிக்காமல் விட்டால் என்ன? லினக்ஸுக்கு எந்த உடையையும் உடுத்தலாம். இடக்கீழ் மூலையில் விண்டோஸின் பொத்தான், அதே நீலப்பட்டை, அதே குப்பைக்கூடை, சாளரங்களின் விளிம்பில் அதே வண்ணம், பின்னணியில் அதே புல்வெளி. எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் உரிய செயலிகள் பார்ப்பதற்கு ஏறத்தாழ ஒன்றே. இணையத்தைத் திறந்துவிட்டால் எது எதன்மேல் ஓடுகிறது என்பதை எவர் பார்க்கிறார்? பழகிவிடட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். பழகியபின் எவரும் விடமாட்டார்கள் என்று அவர் கணக்குப் போட்டார்.

முதல் வேடம் அவருடைய அக்காவின் கணினிக்குத்தான். அரசு அலுவலகமொன்றின் எதிரே நகலெடுப்பும் தட்டச்சும் செய்துகொடுக்கும் சிறு கடையொன்றை அக்கா நடத்திவந்தாள். தாய் இறந்தபின் தம்பியை வளர்த்தவள் அவளே. திருமணம் செய்துகொள்ளாத தம்பிக்கு இன்றுவரை சோறு போடுபவளும் அவளே. அவளுக்கு எந்த ஐயமும் எழவில்லை. அடுத்துப் பல் மருத்துவர், ஓட்டுநர் பயிற்சிப்பள்ளி நடத்துபவர், வரிக் கணக்காளர் என்று வேடம் கட்டிய கணினிகள் வரிசையாகக் கடையைவிட்டு வெளியேறின.

விளைவு வியப்பாக இருந்தது. மாதந்தோறும் வைரஸ் என்று தூக்கிக்கொண்டு வருபவர்கள் வரவில்லை. உங்கள் கடையில் போட்டுக்கொடுப்பது உறைந்து நிற்பதே இல்லை என்று சொல்லி, வாடிக்கையாளர்கள் தம் மைத்துனரையும் பக்கத்து வீட்டாரையும் அழைத்துவந்தனர். முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார். அக்காவோ, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "என் தம்பி போட்டுக் குடுத்தது. மனுஷன் மூச்சு நின்னாலும் நிக்கும், இது நிக்காது" என்று பெருமை பேசினாள். இரவு உணவின்போது அவள் இதைச் சொல்லக் கேட்டு, பென்குயின் குனிந்தபடியே சிரித்துக்கொள்வார். அப்போதே சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்று தள்ளிப்போட்டார்.

அடுத்த ஆண்டு, வரிக் கணக்காளர் கணினியைத் தோளில் சுமந்துகொண்டு கடைக்குள் நுழைந்தார். வரித் தாக்கலுக்கென அவர் வாங்கிய புதிய செயலி கணினியில் ஏறவில்லை. அடுத்த தெருக் கடைக்காரரிடம் காட்டியிருக்கிறார். அந்த ஆள் ஓர் ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். இதில் விண்டோஸே இல்லை, வேடம்தான் இருக்கிறது என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

முதலாளி முதலில் நம்பவில்லை. பின்னறையிலிருந்து பென்குயினை அழைத்தார். பென்குயின் மறைக்கவில்லை, ஆம், லினக்ஸ்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு கணக்காளரைப் பார்த்துக் கேட்டார்: "இவ்ளோ நாள்ல உங்களுக்கு ஏதாவது தொந்தரவு வந்துச்சா சார்?"

"வரல. அதான் இன்னும் எரிச்சலா இருக்கு" என்றார் கணக்காளர்.

அவர் போனபிறகு முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். காசை வாங்கிக்கொண்டு கேட்ட பொருளைக் கொடுக்காவிட்டால் அதற்கு என்ன பெயர் என்றார். நாம் கொடுக்கும் பொருளும் நம்முடையதன்றே, திருட்டுப் படிதானே என்று பென்குயின் முணுமுணுத்தார்.

"அது ஊர்ல எல்லாரும் பண்றது. இது நீ மட்டும் பண்ணது" என்றார் முதலாளி.

ஒவ்வொருவரிடமும் நேரில் போய் மாற்றிக்கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று உத்தரவாயிற்று. பென்குயின் ஒன்றே ஒன்று வேண்டினார்: உண்மையைச் சொல்லிக் கேட்கிறேன், இதுவே இருக்கட்டும் என்பவர்களுக்கு விட்டுவிடலாமா? முதலாளி சிரித்தார். ஒருவராவது அப்படிச் சொன்னால் பார்க்கலாம் என்றார்.

பென்குயினுக்கு அது போதுமானதாக இருந்தது. தம் பத்தாண்டு வாதம் மெய்யா பொய்யா என்பது இப்போது தெரிந்துவிடும். இவர்கள் இதைப் பயன்படுத்தியவர்கள். ஒரு குறையும் காணாதவர்கள். ஒருவராவது வைத்துக்கொள்வார்.

பல் மருத்துவர், வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு வந்து பேசினார். ஒருநாளும் நின்றதில்லை, உண்மைதான்; ஆனாலும் எல்லாரிடமும் இருப்பதுதான் தம்மிடமும் இருக்கவேண்டும் என்றார். ஓட்டுநர் பயிற்சிப்பள்ளிக்காரர் நன்றாகத்தான் இருந்தது என்று தாராளமாக ஒப்புக்கொண்டார், "அதனால?" என்று மட்டும் கேட்டார். தையல் வடிவங்களைக் கணினியில் வரையும் பெண்மணி, தான் வரைந்தவற்றையெல்லாம் தொடாமல் அப்படியே வெளியே எடுத்துத் தருமாறு கேட்டாள். நேற்றுவரை அந்தக் கணினியில்தான் வரைந்தவள், இன்று அதற்குத் தொற்றுநோய் வந்துவிட்டாற்போல இரண்டடி தள்ளியே நின்றாள். வேறொருவர், இதன்வழியாக என்னை வேவு பார்த்தாயா என்றார். எந்த வீட்டிலும் கணினி மாறவில்லை. அதன் பெயர் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பென்குயின் எல்லார் வீட்டிலும் உட்கார்ந்து, அவர்கள் கண்முன்னே அழித்துவிட்டு, அந்தத் திருட்டுப் படியை ஏற்றிக்கொடுத்தார். ஏற்றி முடித்ததும் எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்டனர்.

அக்காவைக் கடைசிக்கு என்று வைத்திருந்தார். அவள் விடமாட்டாள் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை.

அவர் போனபோது கடையில் கூட்டம். அக்கா நகல்களை எடுத்துத் தட்டி அடுக்கிக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். அவர் அருகில் நின்று தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையிலிருந்த வேலையை முடித்து, வந்தவரை அனுப்பிவிட்டுத்தான் திரும்பினாள்.

"எப்பலேர்ந்து?"

"வாங்கின நாள்லேர்ந்தே."

"தினமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறோம். ஒரு நாளாவது சொல்லத் தோணலையாடா?"

சொன்னால் எடுக்கச் சொல்லிவிடுவாளோ என்று அஞ்சியதாக அவர் சொன்னார்.

"சொல்லியிருக்க மாட்டேன். தம்பி சொல்றான், சரியாத்தான் இருக்கும்னு விட்டிருப்பேன்." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "வர்றவங்க எல்லார்கிட்டயும் வாய் ஓயாம உன்னைப் பத்தி அளந்தேன். நான் பேசப் பேச உள்ளுக்குள்ள சிரிச்சிட்டிருந்திருக்க."

கணினியில் ஒரு குறையும் இல்லையே அக்கா என்று அவர் மன்றாடினார். தான் கணினியைப் பற்றிப் பேசவில்லை என்றாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்: "ஊரெல்லாம் விடுதலை விடுதலைன்னு பேசினியே, அதுல எனக்குன்னு எவ்வளவு எடுத்துவெச்ச?"

அவர் கருவிப்பையை மேசைமேல் வைத்தார்.

"எடுத்துடு" என்றாள் அக்கா.

அவர் விண்டோஸ் வட்டைச் செருகினார். வெளியே காத்திருந்தவர்களை அக்கா சற்றுப் பொறுக்கச் சொன்னாள். எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று திரை கேட்டது. மற்ற வீடுகளிலெல்லாம் அந்தக் கேள்வி வந்தவுடன் தட்டிவிட்டவர், இங்கே கையை எடுத்துக்கொண்டு, "அழிக்கட்டுமா அக்கா?" என்று கேட்டார். அவள் அவருடைய முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டிப் பொத்தானைத் தானே அழுத்தினாள்.

பென்குயினின் வேலை போகவில்லை. அவரைப்போல் கைதேர்ந்தவர் முதலாளிக்கு எளிதில் கிடைக்கமாட்டார். சில காலத்துக்குப்பின், இங்கெல்லாம் இதை எவரும் கேட்பதில்லை என்று சொல்லி, அந்த நிறுவனம் லினக்ஸ் கணினிகளை எங்கள் பகுதிக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. விற்றவற்றில் ஒன்றுகூட அப்படியே ஓடவில்லை என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அது பொய்யன்று. பின்னறையில் அவர் இப்போது எதைப் பற்றியும் எவரிடமும் பேசுவதில்லை. என்ன கோளாறு என்று மட்டும் கேட்கிறார்.

அக்கா வீட்டில் அவருக்கு இன்னமும் சோறு இருக்கிறது. குழம்பு இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்கிறாள். தம்பியின் தொழிலைப் பற்றிக் கேட்பதில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் அவளுடைய கணினியில் வைரஸ் புகுந்து, தட்டச்சு செய்துவைத்திருந்த ஆவணங்களெல்லாம் பாழாயின. அன்று முற்பகல், நெகிழித்தாளில் சுற்றிய கணினியை இடுப்பில் தாங்கிக்கொண்டு, தம்பி வேலை செய்யும் கடையின் கண்ணாடிக் கதவைத் தாண்டி, அடுத்த தெருக் கடைக்கு அவள் நடந்துபோனாள். திருகாணி எடுக்க விற்பனைக்கூடத்துக்கு வந்திருந்த பென்குயின் அதைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். தெரிந்தவரைக் கண்டால் தலையசைப்பதுபோல் ஒருமுறை தலையசைத்துவிட்டுப் போனாள்.