இறங்கி நடக்கும் பாலங்கள்

அருவி பார்க்கத்தான் போனேன். மழை விட்ட கையோடு கல்வராயன் மலையில் தண்ணீர் கொட்டும் என்று நண்பர் ஆசை காட்ட, கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். கள்ளக்குறிச்சியில் காலை ஏழரைக்குப் பேருந்து. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகும் வண்டி. இரண்டரை மணி நேரம், டிக்கெட் நூறு ரூபாய்க்குள்தான். கச்சிராயபாளையம் வரை தூங்கலாம். அப்புறம் வளைவுகள் தூங்க விடாது.

முன் இருக்கையில் காலில் மாவுக்கட்டோடு பொன்னி என்ற பெண், பக்கத்தில் கணவர் சின்னசாமி. மரவள்ளி பிடுங்கப் போய்ச் சறுக்கி விழுந்தவருக்குக் கட்டுப் போட்டு ஊருக்கு அழைத்துப் போகிறார். வழியில் மூன்று பழைய பாலங்கள். ஆட்களோடு வண்டியைத் தாங்காது என்று, எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு, அக்கரையில் ஏற்றிக்கொள்வது பல வருடப் பழக்கமாம். ஆஸ்பத்திரிக்கு வரும்போது மனைவியைத் தூக்கிக்கொண்டு நடந்த சின்னசாமி, மூன்றாவது பாலத்தில் ஒரு குழியில் கால் தடுக்கி விழுந்திருக்கிறார்.

"மறுபடி வுழுந்தா காலு அவ்ளோதான்," என்றார் பொன்னி. பயத்தில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பாவம்.

"ரெண்டு பாலம் முடிஞ்சிட்சிம்மா. மூணாவது இன்னிக்கித் தொறக்கறதா பேச்சு, போய்ப் பாத்தாதான் தெரியும்," என்றார் சங்கராபுரத்துக்காரரான நடத்துனர். பிறகு என்னிடம், "முன்னெல்லாம் ஒர்த்தரு ரோடு போடுவாங்க, இன்னொர்த்தரு பைப்புக்கு நோண்டிக்கினு இருப்பாங்க சார். இப்ப பாலம், ரோடு, தண்ணி பைப்பு எல்லாம் ஒரே வேலையா எடுத்து செய்றாங்க," என்றார்.

முதல் இரண்டு பாலங்களை அப்படியே கடந்தோம். தூண்கள் பழையவைதான், பலப்படுத்தி, மேலே புதுத் தளம் போட்டு, ஓரமாகக் குழாயைப் பதித்திருந்தார்கள். ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி வேலை. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

மூன்றாவது பாலத்தில் வண்டி நின்றது. உடனே மொத்தப் பேருந்தும் இறங்கிவிட்டது, நானும்தான். சின்னசாமி மனைவியைத் தூக்கியேவிட்டார். ஆனால் அங்கே பணியாளர்கள் தடுப்பு டிரம்களை உருட்டி ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றது அதற்குத்தான்.

ஓட்டுநர் தலையை நீட்டினார். "இன்னாத்துக்கு எறங்கறீங்க? ஏறுங்க, பாலம் தொறந்தாச்சி."

"என்ன சீட்டுல எறக்குய்யா. நான் ஒக்காந்தே போறேன்," என்றார் பொன்னி கணவரிடம்.

உட்கார்ந்தே போனார். பாலம் முடிந்ததும் சின்னசாமியிடம் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

போகிறவர்கள் கவனத்துக்கு: வெள்ளிமலையைத் தாண்டினால் சாப்பாட்டுக் கடை குறைவு, கட்டிக்கொண்டு போங்கள். அருவிப் பாறை வழுக்கும். கடைசிப் பேருந்து எப்போதென்று ஏறும்போதே கேட்டுவையுங்கள். மூன்றாவது பாலத்தில் யாராவது எழுந்தால், உட்காரச் சொல்லுங்கள். மாலையில் திரும்பும்போதும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.