மனைவிக்குத் தெரியாமல் நிறுத்திய மாத்திரை

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயது அறுபத்தெட்டு. சென்ற ஆண்டு காரணமே தெரியாமல் மனம் சோர்ந்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போயின. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் ஓரளவு தேறினேன். ஆனால் அதைச் சாப்பிடுவதை வெளியே சொல்ல எனக்கு வெட்கம்.

அப்போதுதான் செல்போனில் ஒரு வீடியோ வந்தது. குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் கேப்ஸ்யூல் சாப்பிட்டாலே வயதானவர்களின் மனச்சோர்வு போய்விடும் என்றார்கள். மனைவியிடம்கூடச் சொல்லாமல் அதை வாங்கிக்கொண்டு, மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

நான்காம் நாள் சைக்கிளில் கடைக்குப் போகும்போது தலை சுற்றி நடுரோட்டில் விழுந்தேன். பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டதால் பிழைத்தேன். முழங்கைச் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்தவன், அடக்க முடியாமல் அழுதேன்.

"உண்மையைச் சொல்லுங்க. மாத்திரை போடுறீங்களா இல்லையா?" என்றாள் மனைவி.

சொல்லிவிட்டேன். அன்றே டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

"கேப்ஸ்யூல் மனசுக்கு எவ்வளவு உதவும்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. வேணும்னா அதையும் சாப்பிடுங்க. ஆனா இந்த மாத்திரையை நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாதுங்க. நிறுத்தினதாலதான் இந்தத் தலைசுத்தலும் அழுகையும்" என்றார் டாக்டர்.

இப்போது டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தையும் தொடங்குவதுமில்லை, நிறுத்துவதுமில்லை. வெட்கத்தையும் விட்டுவிட்டேன். காலையில் டீக்கடையில் நண்பர்கள், "என்ன மாத்திரைங்க அது?" என்று கேட்டால், "மனசுக்கு" என்று சொல்லி, அவர்கள் முன்னாலேயே போட்டுக்கொள்கிறேன்.