எழுத்து விலகிய இடம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அம்மா தென்காசியில் ஒரு டிடிபி சென்டர் வைத்திருந்தாள். ரயில்வே ஸ்டேஷன் போகிற சாலையில், மாடியில், ஒரே ஓர் அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் கீச்சுக் கீச்சென்று கத்துகிற ஒரு யுபிஎஸ். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான் உருவாகும். பக்கத்தை அமைத்துக் கொடுப்பதோடு அம்மாவின் வேலை சரி. அச்சடிப்பது வேறோர் இடத்தில்.

பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளில் எனக்கு ஒரே ஒரு வேலை தெரியும். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. பக்கத்தில் ஒரு படத்தை வைத்தால் எழுத்துகள் அதன்மேலேயே ஏறி ஓடும். படத்தைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு கொடுத்துவிட்டால் ஏறாது. கோட்டுக்கு வெளியிலேயே ஒதுங்கிப் போகும். முதலில் அந்தக் கோடு வெறும் கட்டமாகத்தான் வரும். அதில் அங்கங்கே சொடுக்கிப் புள்ளி வைத்து, இழுத்து இழுத்து, தலை, காது, தோள் என்று ஆளின் உருவத்தோடு ஒட்டவைக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மவுசை என்னிடம் தள்ளிவிடுவாள். பிள்ளையார், மணமக்கள், வட்டச் செயலாளர், செத்துப்போனவர்கள் என்று நான் கோடு சுற்றாத ஆளில்லை.

அந்த ஆனியில் சாரல் விடாமல் பிடித்துக்கொண்டது. அருவிகளில் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். மத்தியானத்திலேயே அறை இருட்டிக் கிடக்கும். அப்படியொரு சனிக்கிழமை, இருபத்தைந்து வயதுள்ள ஓர் அண்ணன் நனைந்துகொண்டு வந்தார். இலஞ்சிப் பக்கம் ஊர். கல்லூரியில் படித்த அவருடைய தம்பி குற்றாலத்தில் வழுக்கி விழுந்து இறந்துபோயிருந்தான். பதினாறாம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவிதழ் வேண்டும். தம்பியின் தமிழ் வாத்தியார் உருகி உருகி எழுதிய நாலு தாளும், ஒரு பென்டிரைவும் கொண்டுவந்திருந்தார்.

"எங்கம்மைக்கு இந்தச் சிரிப்புதான் வேணுமாம்க்கா" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வருவதாகப் போய்விட்டார். இருந்த நேரம் முழுக்க வலது கையைப் பேன்ட் பைக்குள்ளேயே வைத்திருந்தார்.

படத்தைத் திறந்தோம். கட்டம் போட்ட நீலச் சட்டையில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் வெள்ளை வெளேரென்று தண்ணீர். தலைக்குமேல், யாரோ பின்னாலிருந்து இரண்டு விரலை நீட்டிக் கொம்பு வைத்திருந்தார்கள். கொம்புக்காரர் படத்துக்கு வெளியே இருந்தார். விரல்கள் மட்டும்தான் உள்ளே.

அம்மா அருவியை வெட்டி எடுத்துவிட்டு, படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அவசரத்தில் விரல்களைத் தலைமுடியோடு சேர்த்தே விட்டுவிட்டாள். பிறகு அவள் மற்ற கம்ப்யூட்டரில் வாத்தியாரின் கட்டுரையை அடிக்கப் போக, நான் கோடு சுற்ற உட்கார்ந்தேன். அருவியே இல்லாத வெறும் வெள்ளையில் நின்றவனின் முடி மட்டும் நனைந்து ஒட்டிக்கிடந்தது. நெருங்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அவன் நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கண்மணிகள் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் நிற்கிற யாரையோ பார்க்கத் திரும்பிக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொரு புள்ளியாக வைக்க வைக்க, இன்னும் கொஞ்சம் திரும்பிவிடுவானோ என்று இருந்தது. மவுசை விட்டுவிட்டு ஒரு தடவை அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டேன்.

விரல்களுக்குத்தான் அதிகப் புள்ளிகள். ஒரு விரல் முழுசாக இருந்தது. இன்னொன்று நுனி இல்லாமல், நகம் இல்லாமல், மொட்டையாக நின்றது. இரண்டையும் சுற்றிக் கச்சிதமாகப் போட்டேன். அம்மா கட்டுரையை ஓடவிட்டபோது எழுத்துகள் விரல்களைத் தொடாமல் விலகி ஓடின. விரல்களுக்கு நடுவில் மட்டும் ஒரு 'னா'வும் அதன்கீழ் ஒரு 'மா'வும் சிக்கிக்கொண்டு நின்றன.

சாயங்காலம் வந்த அண்ணன் திரையைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனார்.

"அந்த வெரல எடுத்துருங்கக்கா."

"யாரு கை தம்பி?"

"கூடப் போன பயலுவ. எடுத்துருங்க."

அம்மா விரல்களை அழித்து, பழைய படம் இருந்த அதே இடத்தில் புதுப் படத்தை மாற்றி வைத்தாள். முழுப்பக்கத்தையும் திரையில் காட்டியபோது எழுத்தெல்லாம் சாம்பல் கோடுகளாகத்தான் தெரிந்தன. அண்ணன் பெயரையும் தேதியையும் பெரிதாக்கச் சொல்லிச் சரிபார்த்தார். முகத்துக்கு மேலே அவர் கண் போகவேயில்லை.

அச்சாகி வந்த இதழில் ஒன்றை அம்மா மேசையில் போட்டிருந்தாள். எடுத்துப் பார்த்தேன். படம்தான் மாறியிருந்தது, நான் சுற்றிய கோடு மாறவில்லை. தம்பியின் தலைக்குமேல் எழுத்துகள் இன்னும் விலகியே நின்றன. கிட்டே வைத்து வாசித்தால் ஒன்றும் தெரியாது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால், வெறும் காகிதத்தாலான இரண்டு விரல்கள் தெரிந்தன. ஒன்று நெட்டை, ஒன்று மொட்டை. நடுவில் அந்த 'னா'வும் 'மா'வும். அம்மா கவனிக்கவில்லை. சொன்னால் என் முதுகுக்குத்தான் ஆபத்து என்று நானும் சொல்லவில்லை.

பதினாறு முடிந்து இரண்டொரு நாளில் ஓர் அம்மாள் படியேறி வந்தார். கையில் அந்த இதழ். இறந்தவனின் தாய் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதே சிரிக்கிற வாய், சிரிப்பில்லாமல் இருந்தது.

"ஏம்மா, எம் பிள்ள தலைக்கு மேல எழுத்து ஏன் வெலகி நிக்குது?"

அம்மா வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "அது கம்ப்யூட்டர்ல ஒரு சின்னத் தப்புக்கா..."

கம்ப்யூட்டர் மேல் பழி போட்டது எனக்குப் பொறுக்கவில்லை. "அங்கன ரெண்டு வெரல் இருந்துச்சு பெரியம்மா. அந்த அண்ணன்தான் அழிக்கச் சொன்னாங்க" என்றேன்.

"ஏட்டி, சும்மா இரி" என்றாள் அம்மா.

"அந்தப் படம் இருக்கா பாப்பா?"

அம்மா தடுப்பதற்குள் திறந்து காட்டிவிட்டேன். எது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும் என்பதில் அப்போதும் எனக்குப் பெருமைதான். அவர் குனிந்து, திரையில் தெரிந்த மொட்டை விரலைத் தொட்டார். ஈரக்கையாக இருந்ததால் கண்ணாடியில் சொட்டு நின்றது.

"இது எம் பெரியவன் வெரலு" என்றார். "சின்னதுலயே மோட்டார் பெல்ட்டு வெட்டிட்டு. எல்லாப் போட்டோலயும் தம்பிக்குக் கொம்பு வப்பான்." பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "அன்னைக்குப் பாவூர்சத்திரத்துல லோடு ஏத்திட்டு நின்னேன்னான். கூட்டாளிப் பயலுவ எடுத்த படம்னான்."

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அழவும் இல்லை. இதழை நாலாக மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நாலு நாள் கழித்து அண்ணன் வந்தார். கன்னம் ஒட்டிப்போய், அடையாளமே தெரியவில்லை.

"எங்கம்மைட்ட யாருக்கா சொன்னது?"

"நாந்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. எதற்கு இந்தப் பொய் என்று விழித்தேன். பாராட்டு வந்தால் அது எனக்கல்லவா வர வேண்டும்.

அவர் சண்டை போடவில்லை. அம்மா வைத்த அதே ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் தடவையாக வலது கையை வெளியே எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"அம்மை ஒண்ணுமே கேக்க மாட்டேங்காக்கா. சோத்தப் போட்டுட்டு எதுக்க உக்காந்து என் வெரலையே பாக்கா. பெசஞ்சு வாயில வைக்க முடியல. ஏசுனா சொல்லிருவேன். அடிச்சாக்கூடச் சொல்லிருவேன்."

"என்னன்னு தம்பி?"

அவர் தலையைத் தூக்காமல் அழுதுகொண்டே சொன்னார். அருவிப் பக்கம் போகக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். தடை போட்ட அருவிக்குத் தம்பியைக் கூட்டிப்போனது இவர்தான். கயிறு கட்டாத பக்கமாக ஏறிப் போய்ப் பாறையில் நின்றார்கள். "ஒரு கையில போனு, ஒரு கையில கொம்பு. கொம்பு வச்சது அவனுக்குத் தெரிஞ்சிட்டு. சிரிச்சுக்கிட்டே கையத் தட்டிவிடத் திரும்புனான். அவ்வளவுதான்க்கா. போன்ல படம் விழுந்திருந்துச்சு. அம்மை கேக்கும்போது மொகத்த மட்டும் பெருசாக்கிக் காமிச்சேன்."

அம்மா மவுசின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "போய் இத அவங்கட்ட சொல்லு. அவங்க கேக்கட்டும்னு இருக்காத" என்று மட்டும் சொன்னாள்.

அவர் அன்றைக்கே சொல்லிவிட்டாராம். கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தாய் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவருக்குச் சோற்றைப் பிசைந்து, உருண்டை பிடித்து ஊட்டினார் என்று, அந்த ஊரிலிருந்து பத்திரிகை அடிக்க வந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். ஒரு மாதத்தில் அண்ணன் செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். பொங்கலுக்கும் வரவில்லை என்று கேள்வி.

ஆனால் அன்று அவர் படியிறங்கிப் போனபோது எனக்கு இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. ஏசவில்லை, அடிக்கவில்லை, முன்னால் உட்கார்ந்து சோறு போடுகிறார்கள், இதற்கு இவ்வளவு பெரிய ஆள் எதற்கு அழ வேண்டும்? எங்கள் அம்மா பேசாமல் தட்டை வைக்கிறவள் அல்ல, கத்தித் தீர்க்கிறவள். அன்று கடை பூட்டி, குடைக்குள் அவள் இடுப்பை ஒட்டி நடந்தபோது, வழி நெடுக என்னை ஏசிக்கொண்டே வந்தாள். ஒரே ஒரு நாள், அந்தப் பெரியம்மாவைப் போல என் அம்மாவும் பேசாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.